என்னைத் தெரியாது என்ற மகள்

சிங்கப்பூரின் மார்சிலிங்கில் எங்கள் வீடு பதினோராவது மாடியில் இருந்தது. மாலை ஆறு மணிக்கு வெயில் சாய்ந்து கூடம் முழுக்கப் பரவும். அந்த வெளிச்சத்தில் எங்கள் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் ஒன்றும் தெரியாது. அதனால் மகள் ஓடிப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிடுவாள். பச்சைத் துணி அது. கூடம் குளத்துக்கு அடியில் போய்விட்டது போல் ஆகிவிடும். பிறகு திரையின் நடுவில் ஒரு புள்ளி தோன்றி, அது மெல்ல விரிந்து, மேகங்களுக்குள்ளிருந்து ஒரு படகு வெளியே வரும்.

வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம் வந்த கார்ட்டூன் தொடர் அது. இப்போது அது யாருக்கும் நினைவிருக்காது. கதை எளிமையானது. கேப்டன் மலைநாட்டுக்காரன். அவன் மனைவி கடல்நாட்டுக்காரி. படகை ஓட்டுவது அவள்தான். அவன் வரைபடத்தை வைத்துக்கொண்டு தப்புத் தப்பாக வழி சொல்வான். இருவருக்கும் ஏழெட்டு வயதில் ஒரு மகள். மலைக்காரர்களும் கடல்காரர்களும் ஒன்றாக வாழக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. அதைக் காப்பாற்றப் பித்தளைப் பொத்தான் வைத்த சீருடையில் மேகக் காவலர்கள் திரிந்தார்கள். அவர்களுக்குத் தப்பி இந்தக் குடும்பம் ஊர் ஊராகப் பறந்துகொண்டே இருக்கும்.

என் கணவர் சீனர். ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஆனவர். நான் தொடக்கப்பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஒரே தேவாலயத்தின் பாடகர் குழுவில் பழகி, முப்பது வயதைத் தாண்டிய பிறகு கல்யாணம் செய்துகொண்டோம். பெரிய சண்டையெல்லாம் நடக்கவில்லை. என் அண்ணன் கல்யாணத்துக்கு வந்தார், பிரியாணி சாப்பிட்டார், கை கழுவிக்கொண்டு கிளம்பினார். கணவர் வீட்டில் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "உள்ளங்கை வெள்ளையாத்தானே இருக்கு" என்று ஹொக்கியன் சீனத்தில் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

அந்தக் காலத்துச் சினிமாக்களில் எங்களைப் போன்ற ஜோடிகள் வந்தால் கடைசி ரீலுக்குள் ஒருவர் செத்துப்போவார். குண்டு பாயும், அல்லது காசநோய் வரும். இந்தக் கார்ட்டூனில்தான் அப்படி ஒரு ஜோடி உயிரோடு இருந்து கஞ்சியைத் தீய விட்டதற்காகச் சண்டை போட்டுக்கொள்வதைப் பார்த்தேன். கேப்டன் குறட்டை விடுவான். அவள் அவன் மூக்கைப் பிடிப்பாள். மகள் நடுவில் படுத்து இருவரையும் உதைப்பாள். பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டே, பார்க்காதது போல் அந்தப் படத்தைப் பார்ப்பேன். எங்களுக்கென்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து வரைந்து அனுப்புகிறார்கள் என்று தோன்றும். நாற்பது வயதில் அப்படித் தோன்றியதை யாரிடமும் சொல்லவில்லை.

அக்கம்பக்கத்தில் பலர் கலர் டிவி வாங்கிவிட்டார்கள். நாங்கள் வாங்கவில்லை. எங்கள் திரையில் எல்லாரும் சாம்பல். கடல்காரி கொஞ்சம் அடர்ந்த சாம்பல், கேப்டன் கொஞ்சம் வெளிறிய சாம்பல், மகள் இரண்டுக்கும் நடுவில். மழை பெய்தால் மூவரும் ஒரே கோடுகளாகக் கலந்துபோவார்கள். கணவர் ஆண்டெனாவைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, "பார், நாம்தான்" என்பார்.

எங்கள் மகள் அப்படியே அப்பாவின் அச்சு. வெளுத்த தோல், நேரான முடி, அதே கண். அவளை அழைத்துக்கொண்டு தேக்கா சந்தைக்குப் போனால் காய்கறிக்காரர் முருங்கைக்காயை எடைபோட்டபடி கேட்பார், "புள்ள எந்த சீன மொதலாளி, எந்த தவுக்கே வீட்டுதும்மா?"

"என் வீட்டுதுதான்."

"அட, இத உங்க மொதலாளி வீட்டுல சொல்லிடாதீங்க!" என்று அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். மகள் கையில் ஒரு கேரட்டைக் கொடுப்பார். நல்ல மனிதர். பேருந்தில், கிளினிக்கில், நீச்சல் குளத்தில் எல்லாம் இதே கேள்வி வெவ்வேறு மொழிகளில் வரும். பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மகளுக்கு அந்தக் கேள்வி புரியவே இல்லை என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கார்ட்டூனில் அந்தச் சிறுமி மேகக் காவலர்களிடம் பிடிபட்டுவிட்டாள். ஒரு கூடாரத்தில் உயரமான முக்காலியில் உட்கார வைத்து விசாரிக்கிறார்கள். அவள் அம்மா தண்ணீர் சுமப்பவள் வேடத்தில் இரண்டடி தள்ளி நிற்கிறாள். தலைமைக் காவலன் அவளைக் காட்டி, "இவள் உன் அம்மாவா?" என்று கேட்கிறான். சிறுமி மோவாயைத் தூக்கிக்கொண்டு, "இவளை எனக்குத் தெரியாது" என்கிறாள். ஆமாம் என்றிருந்தால் இருவருக்கும் சிறை. அம்மா தண்ணீர்க் குடத்தோடு வெளியே போகிறாள். குடத்திலிருந்து தண்ணீர் சிந்திக்கொண்டே போகிறது. அடுத்த வாரம் கேப்டன் படகோடு வந்து மகளைத் தூக்கிப் போவதாகக் கதை.

மகள் அந்த வாரம் முழுவதும் வேறு எதையும் பேசவில்லை. இட்லியைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள். "அந்தம்மாவுக்கு அழுகை வந்திருக்குமா?"

"வந்திருக்கும். ஆனா அழுதா மாட்டிக்குவாங்க இல்ல?"

"அந்தப் பொண்ணு ரொம்ப கெட்டிக்காரி, இல்லம்மா?"

"ஆமா கண்ணு. ரொம்பக் கெட்டிக்காரி."

நான்தான் சொன்னேன். இதை நினைக்காத நாள் இல்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. ஆர்ச்சர்டு சாலையில் ஒரு பெரிய கடையில் அந்தத் தொடரின் பொம்மைகள் வந்திருப்பதாகப் பள்ளியில் கேள்விப்பட்டு மகளை அழைத்துப் போனேன். மூன்றாவது மாடியில் ஒட்டுப்பலகையில் படகு செய்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று அதில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் ஆள் உயர அட்டையில் மூன்று பேரும் நின்றார்கள். கலரில்.

முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கடல்காரிக்குக் கத்திரிக்காய்த் தோலின் நிறம். பளபளக்கும் கருநீலம். கேப்டன் பழுத்த பப்பாளி. மகளும் பப்பாளி. காது நுனி வரை அப்பாவின் நிறம்தான். அம்மாவிடமிருந்து ஒரு சொட்டு நீலம்கூட இறங்கவில்லை. இத்தனை மாதம் சாம்பலில் அவளை நடுவில் வைத்து நானாகத்தான் கலந்திருந்தேன் போல. குளிரூட்டியின் சத்தம், எங்கேயோ ஒலித்த பியானோ, பிள்ளைகளின் கூச்சல், எல்லாம் தள்ளிப் போய்விட்டன. அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தபோது என் கையில் மகளின் கை இல்லை.

படகுக்குள் பார்த்தேன். படகுக்குப் பின்னால் பார்த்தேன். பொம்மை அலமாரிகளுக்கு நடுவில் குனிந்து குனிந்து ஓடினேன். நான்காவது மாடிக்குப் போய், இரண்டாவது மாடிக்கு இறங்கி, நகரும் படிக்கட்டில் எதிர்த்திசையில் ஏறப் பார்த்து விழுந்தேன். சேலைத் தலைப்பு கிழிந்தது. அப்போது ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் சொன்னார்கள். சிவப்புச் சட்டை போட்ட, ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு சீனப் பெண் குழந்தை தரைத்தள விசாரணை முகப்பில் இருக்கிறது, பெற்றோர் வந்து அழைத்துச் செல்லவும். சீனக் குழந்தை என்றதும் ஒரு நொடி, நம் பிள்ளை இல்லை, வேறு யாருடையதோ என்று நினைத்து மேலே தேட ஓடினேன். பிறகுதான் உறைத்தது.

முகப்பில் ஓர் உயரமான முக்காலியில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் காவலாளி ஒருவர், தொப்பியும் பித்தளைப் பொத்தான் வைத்த சீருடையுமாக நின்றார். தனியாகச் சுற்றிக்கொண்டிருந்த பிள்ளையை மணிக்கட்டைப் பிடித்து அழைத்து வந்தவர் அவர்தான். கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்த ஒரு சீனப் பெண் மேற்பார்வையாளர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் ஓடிப் போய் மகளைத் தூக்கக் கை நீட்டினேன். மேற்பார்வையாளர் எழுந்து நடுவில் நின்றார்.

"ஒரு நிமிஷம். நீங்க யார்?"

"இவளோட அம்மா."

அவர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மறுபடியும் என் கிழிந்த தலைப்பைப் பார்த்தார். முரட்டுத்தனமாக ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, மெதுவாகத்தான் கேட்டார், "கேர்ள், இவங்க உன் அம்மாவா?"

மகள் என்னைப் பார்த்தாள். காவலாளியின் பொத்தானைப் பார்த்தாள். பிறகு மோவாயைத் தூக்கினாள்.

"நோ. ஐ டோன்ட் நோ திஸ் லேடி."

அந்த மோவாயைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கூடாரம், முக்காலி, தண்ணீர்க் குடம். என் பிள்ளை என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, இது அது இல்ல. இவங்க நல்லவங்க. விளையாட்டு போதும், வா" என்றேன் தமிழில்.

அவள் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தாள். தமிழே புரியாதவள் போல். கதையில் காவலர்களும் முதலில் இப்படித்தான், நாங்கள் நல்லவர்கள் என்பார்கள்.

மேற்பார்வையாளரிடம் கார்ட்டூனைப் பற்றிச் சொன்னேன். மேகக் காவலர்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லும்போதே என் குரல் எனக்குப் பைத்தியக்காரியின் குரலாகக் கேட்டது. அடையாள அட்டையைக் காட்டினேன். அதில் என் பெயரும் என் அப்பா பெயரும்தான். மகளின் பெயரில் வரும் குடும்பப் பெயர் அதில் எங்கும் இல்லை. அவர் அட்டையை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். நானும் ஆசிரியை. ஒரு பிள்ளை, "இவரைத் தெரியாது" என்று சொன்னால் நானும் அனுப்பியிருக்க மாட்டேன். அவர் செய்தது சரி என்று அப்போதே தெரிந்தது.

தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கைக்குட்டை விற்கும் பகுதியிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். இருபது வயதுக்குள்தான் இருக்கும். நெற்றியில் சின்னப் பொட்டு. என்னைத் தனியாக அழைத்துப் போய்க் காதருகில் பேசினாள்.

"அக்கா, பயப்படாதீங்க. உண்மையச் சொல்லுங்க. அவங்க வீட்டுல வேலை பாக்குறீங்களா?"

"நான் அவளைப் பெத்தவம்மா."

"சரிக்கா, சரி. புள்ளைய தொலைச்சிட்டா வேலை போயிடும்னு பயம். எனக்குப் புரியுதுலா. எங்கம்மாவும் ஒரு துரை வீட்டுல புள்ள பாத்தவங்கதான். மேடத்துக்கு நான் போன் பண்ணி நல்லவிதமா சொல்றேன். நம்பர் மட்டும் குடுங்க."

அவ்வளவு அன்பாகச் சொன்னாள். என் கையில் ஒரு கைக்குட்டையைத் திணித்தாள், புதியது, விலைச்சீட்டோடு. அவளை அறையலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று தெரியவில்லை. கப்பல் பட்டறை அலுவலகத்தின் எண்ணைச் சொன்னேன்.

கணவர் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. முகப்புக்கு எதிரில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். ஆறடி தூரத்தில் மகள். யாரோ கொடுத்த மிட்டாயை அவள் பிரிக்கவில்லை. கைதிகள் எதிரியின் சாப்பாட்டைத் தொடமாட்டார்கள். வாசல் கண்ணாடிக் கதவு சுழலும்போதெல்லாம் வெளிச்சம் தரையில் நீந்திப் போய் அவள் காலைத் தொட்டுத் திரும்பியது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்குத் தூக்கத்தில் இருப்பது போல் ஆகிவிட்டது. கடந்து போனவர்கள் எப்படிப் பார்த்தார்களோ அப்படியே நானும் அவளைப் பார்த்தேன். நேராக வெட்டிய முடி, வெளுத்த கால்கள், சிவப்புச் சட்டை. யாருடைய பிள்ளையோ. பிரசவ வார்டில் நர்ஸ் அவளைக் கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தது, அவள் தலையில் இருந்த மச்சம், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன், சாட்சி தேடுபவள் போல. மச்சம் முடிக்குள் இருந்தது. அங்கிருந்து தெரியவில்லை.

அவள் ஒரே ஒரு முறை என் பக்கம் திரும்பினாள். யாரும் பார்க்காத நேரம் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தாள். தைரியமா இருங்க என்று அர்த்தம். நானும் பதிலுக்குக் கண் சிமிட்டியிருக்க வேண்டும். நான் அழுதுவிட்டேன். உடனே அவள் முகம் வெளிறிப்போய், மறுபடியும் கதவைப் பார்க்கத் தொடங்கினாள்.

கணவர் பட்டறை உடையிலேயே வந்தார். முழங்கை வரை கிரீஸ். பூட்ஸ் பளிங்குத் தரையில் கறுப்புத் தடம் பதித்தது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே மேற்பார்வையாளரின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆ, டாடி வந்தாச்சு!" என்றார். அட்டை கேட்கவில்லை. பெயர் கேட்கவில்லை. இவர் உன் அப்பாவா என்று பிள்ளையிடமும் கேட்கவில்லை. அதனால் அவளும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முக்காலியிலிருந்து இறங்கி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காவலாளி சிரித்தார். ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார்கள். குழந்தையைப் பெற்றுக்கொண்டவர், உறவு, கையெழுத்து என்று மூன்று பத்திகள். அவர் கிரீஸ் கையால் 'தந்தை' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

என்னைப் பார்த்த பிறகுதான் அவருக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. "என்ன ஆச்சு? ஏன் நீ அங்கே உட்கார்ந்திருக்கே?" என்றார்.

நான் எழுந்து போனேன். மேற்பார்வையாளர் நோட்டை மூடிக்கொண்டிருந்தார்.

"திறங்க. நானும் கையெழுத்துப் போடணும்."

"தேவையில்லை. ஒருத்தர் போட்டால் போதும்."

"எனக்குப் போதாது."

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர், "என் மனைவி" என்றார். அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் அவர் நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது. கைக்குட்டைக்காரப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள். நான் பேனாவை எடுத்து, கணவர் எழுதியதற்குக் கீழே, கோட்டுக்கு வெளியே, என் பெயரை எழுதினேன். உறவு என்ற பத்தியில் பேனாவை வைத்தபோது மகள் அப்பாவின் தோளிலிருந்து அலறினாள்.

"அம்மா, வேணாம்! எழுதாதீங்க! அவங்களுக்குத் தெரிஞ்சிடும்! அம்மா, அம்மா!"

கால்களை உதைத்துக்கொண்டு, முகமெல்லாம் நனைந்து, கடை முழுவதும் கேட்கும்படி கத்தினாள். தமிழில். அந்தத் தளத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். அந்தச் சொல்லுக்கு யாருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

நான் 'தாய்' என்று எழுதினேன். எழுத்து எழுத்தாக, கரும்பலகையில் எழுதுவது போல, நிதானமாக எழுதினேன். அவள் கத்திக்கொண்டே இருந்தாள். உடனே பேனாவைப் போட்டுவிட்டு அவளை வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. இன்னும் ஒரு முறை கூப்பிடட்டும் என்று நின்றேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று நின்றேன். ஏழு வயதுப் பிள்ளை, அம்மாவைச் சிறையில் போட்டுவிடுவார்கள் என்று உயிர் போகிற பயத்தில் அழுதுகொண்டிருந்தது. எனக்கு அப்போது உடம்பெல்லாம் குளிர்ந்து, இனித்தது.

டாக்சியில் என் மடியில் ஏறிக்கொண்டாள். எங்கள் பகுதியான வுட்லண்ட்ஸ் வரும்வரை பின் கண்ணாடி வழியாக யாரும் துரத்தி வருகிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். "நான் நல்லா செஞ்சேன், நீங்கதான் கெடுத்துட்டீங்க" என்றாள் விக்கலுக்கு நடுவில். கணவர் சிரித்தார். அவருக்குக் கார்ட்டூன் கதையைச் சொல்லியிருந்தேன். மற்றதை, பேனாவோடு நான் நின்றதை, இன்றுவரை சொல்லவில்லை.

மகளுக்கு இப்போது பதினாறு வயது. அந்த நாளை ஒரு வேடிக்கையாகத் தோழிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அவள் கதையில் நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுகிறேன், அவள் கண் சிமிட்டுகிறாள், அப்பா வந்து மீட்கிறார். நான் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பிவிடுவேன். அவள் கத்தியதைச் சொல்வதில்லை. மறந்துவிட்டதா, எனக்காகச் சொல்லாமல் விடுகிறாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.